இதய வால்வை மாற்றினால் நோய் தீர்ந்துவிடுமா?

எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு நெஞ்சைத் திறக்காமலே, தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு பொருத்தி நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அதே செய்தியை இன்னொரு குடும்பமும் படிக்கிறது. அந்த வீட்டில் 24 வயதுப் பெண்ணுக்கு நெஞ்செலும்பை அறுத்து உலோக வால்வு வைத்து, “இனி ஆயுசுக்கும் மாத்திரை, மாசம் ஒரு ரத்தப் பரிசோதனை” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெரியவருக்குக் கிடைத்த சுலபமான வழி இவளுக்கு ஏன் இல்லை? பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைகள் வந்துவிட்டன என்கிறார்களே, அதையாவது தரக்கூடாதா? அட, ஆபரேஷன்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு மாத்திரை?

மூன்றும் நியாயமான கேள்விகள். கடைசிக் கேள்வியில்தான் மற்ற இரண்டுக்கும் வேர் இருக்கிறது. வால்வு மாற்று அறுவை சிகிச்சை ஒரு பண்டமாற்று. ஆளைக் கொல்லக்கூடிய ஒரு நோயைக் கொடுத்துவிட்டு, கவனமாக இருந்தால் அடங்கி நடக்கும் இன்னொரு நோயை வாங்கிக்கொள்கிறோம். அந்த இரண்டாவது நோய் என்ன என்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. டிஸ்சார்ஜ் நாளன்று அதற்கு நேரமும் இருப்பதில்லை.

## வால்வு எப்படிக் கெடுகிறது

இதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. நான்கும் ஒருவழிக் கதவுகள். ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. நம் விஷயத்துக்கு இரண்டு போதும்.

1. மைட்ரல் வால்வு: நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இடது மேலறையில் சேர்ந்து கீழறைக்கு இறங்கும் வாசல்.
2. அயோர்டிக் வால்வு: இடது கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசல்.

கதவு கெடுவதும் இரண்டே விதம்தான். சரியாகத் திறக்காவிட்டால் சுருக்கம், சரியாக மூடாவிட்டால் கசிவு.

முதியவரின் அயோர்டிக் வால்வில் வருடக்கணக்காகச் சுண்ணாம்புச் சத்து படிந்து இதழ்கள் கல்லாக இறுகியிருக்கும். இளம்பெண்ணின் கதை வேறு. அது அவளுக்கு எட்டோ பத்தோ வயதிருக்கும்போது வந்த தொண்டை வலியில் தொடங்கியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையைத் தாக்க, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பாற்றல் ஆள் மாறிப்போய் மூட்டையும் இதயத்தையும் தாக்கியது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவத்தில் பழைய பேச்சு ஒன்று உண்டு. மூட்டு வீக்கம் சில வாரங்களில் போய்விடும், வீட்டில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். வால்வு இதழ்கள் மட்டும் ஓரங்களில் மெல்ல ஒட்டிக்கொண்டே வரும்.

நலமான மைட்ரல் வால்வின் வாசல் 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்கும். அது 1.5-க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். ரத்தம் மேலறையில் தேங்கி, அழுத்தம் பின்னால் நுரையீரலுக்கு ஏறும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பிறகு படுத்தாலே மூச்சு முட்டும். பல பெண்களுக்கு இது முதல் கர்ப்பத்தில்தான் வெளிப்படுகிறது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி கூடுகிறது, வாசல் அதே குறுகல்தான்.

இதழ்கள் ஒட்டியிருப்பது மட்டுமே பிரச்சினை என்றால் வால்வை மாற்ற வேண்டியதில்லை. ஜப்பானின் கான்ஜி இனோவே உருவாக்கி 1984-ல் வெளியிட்ட பலூன் முறையில், தொடை வழியாகப் பலூனைக் கொண்டுபோய் ஒட்டிய ஓரங்களைப் பிரித்துவிடலாம். இந்தியாவில் ஏராளமாகச் செய்யப்படும் சிகிச்சை இது. சில சமயம் இதழ் கிழிந்து பெரிய கசிவாகி, அவசர அறுவைக்குப் போக நேரும். பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்வதும் உண்டு. இதழ் தடித்து, சுண்ணாம்பு படிந்து, கசிவும் சேர்ந்திருந்தால் பலூன் உதவாது. அப்போதுதான் மாற்று வால்வு.

## உலோகமா, திசுவா

மாற்று வால்வுகள் இரண்டு வகை. ஒன்று இயந்திர வால்வு. நோயாளிகள் பேச்சில் ‘மெட்டல் வால்வு’. மற்றது பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்யப்படும் திசு வால்வு.

இயந்திர வால்வு தேயாது. 1960-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து கூண்டுக்குள் பந்து வைத்த வால்வைப் பொருத்தினார்கள். அதிலிருந்து வடிவம் பலமுறை மாறியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முந்தைய மாதிரிகள் சோதனைக் கட்டத்திலேயே தோற்றுப்போனவை. கடைசியில் நின்றது, உலோக வளையத்துக்குள் சாய்ந்து திறக்கும் ஒரு பிளாஸ்டிக் வட்டத்தட்டு. இறக்குமதி வால்வு வாங்க வழியில்லாத ஏராளமான பேருக்கு உயிர் கொடுத்தது அந்தத் தட்டுதான். இரவில் வீடு அடங்கிய பிறகு சிலருக்குத் தங்கள் நெஞ்சிலிருந்து கடிகாரம் போல ‘டிக் டிக்’ கேட்கும். அந்தச் சத்தத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

உலோக வால்வின் சிக்கல், ரத்தம் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து அதன்மேல் உறையப் பார்ப்பது. அதனால்தான் ஆயுள் முழுக்க ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை.

திசு வால்வுக்கு அந்தத் தொந்தரவு குறைவு. ஆனால் அது தேயும். முதியவர்களுக்குப் பொதுவாக 10 முதல் 15 ஆண்டு ஓடும். வயது குறையக் குறைய அது சீக்கிரம் கெடும், ஏனென்றால் இளம் உடம்பில் சுண்ணாம்பு வேகமாகப் படியும். 24 வயதில் வைத்தால் நாற்பதுக்குள் இரண்டாவது அறுவை ஏறக்குறைய நிச்சயம். இரண்டாம் முறை நெஞ்சைத் திறக்கும்போது இதயம் எலும்போடு ஒட்டிப்போயிருக்கும். ஆபத்து முதல் தடவையைவிடக் கூடுதல்.

அமெரிக்க வழிகாட்டுதல், அயோர்டிக் இடத்தில் 50 வயதுக்குள்ளும் மைட்ரல் இடத்தில் 65 வயதுக்குள்ளும் இருப்பவர்களுக்கு உலோகத்தின் பக்கம் சாய்கிறது. கலிஃபோர்னியா நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2017-ல் வெளிவந்த பெரிய ஆய்வும் ஏறத்தாழ அதையே சொன்னது: மைட்ரல் இடத்தில் 70 வயது வரையிலும், அயோர்டிக் இடத்தில் 55 வயது வரையிலும், உலோக வால்வு வைத்தவர்களே கூடுதல் காலம் உயிரோடிருந்தார்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ருமாட்டிக் நோயாளிகளின் இடது மேலறை பல வருட அழுத்தத்தால் பலூன் போல விரிந்திருக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகி, அந்த அறையிலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். புது வால்வு வைத்தாலும் விரிந்த அறை பழையபடி சுருங்கிவிடாது. அப்படிப்பட்டவர் திசு வால்வு வைத்துக்கொண்டாலும் உறைவுத் தடுப்பு மாத்திரை தொடரத்தான் வேண்டும். மாத்திரைக்குப் பயந்து திசு வால்வு கேட்பவர், தன் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

## மாத்திரையும் ஒரு நோட்டுப் புத்தகமும்

அந்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளில் ஒன்று வார்ஃபரின். அது 1948-ல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. மனிதருக்குக் கொடுக்க 1954-ல் அனுமதி கிடைத்தது. நம்மூரில் அதைவிட அதிகம் எழுதித்தரப்படுவது அதன் நெருங்கிய உறவான அசினோகூமரால். பலர் வாயில் அது ‘அசிட்ரோம்’. இரண்டுமே ஒரே வேலையைச் செய்கின்றன. கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்து நான்கு உறைவுக் காரணிகளைத் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பை இவை தடுக்கின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் காரணிகள் தீர்ந்த பிறகே பலன் தெரியும் என்பதால், இன்று மாற்றிய அளவின் விளைவு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பரிசோதனையில் வரும்.

அந்தப் பரிசோதனைதான் ஐஎன்ஆர், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண். மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு அது 1. உலோக மைட்ரல் வால்வு உள்ளவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும், அயோர்டிக் என்றால் பொதுவாக 2 முதல் 3. குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி சேரும், மிஞ்சினால் மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியும்.

மாதிரிக்கு ஒரு ஐஎன்ஆர் நோட்டைத் திறந்து பார்ப்போம். முனை மடங்கிய 40 பக்க நோட்டு. ஜனவரி: 2.8, அதே அளவு. பிப்ரவரி: 2.6, அதே அளவு. ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று நர்ஸ் கையெழுத்தில் இருக்கிறது. மார்ச்: காலி. ஏப்ரல்: காலி. மே: 1.4, சிவப்பு மையில் வட்டம். அந்த இரண்டு காலி மாதங்களில் என்ன நடந்திருக்கும்? பரிசோதனைக் கூடம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஒரு நாள் கூலி போகும். உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. மாத்திரையை விட்டால் வலியா வரும், ஒன்றும் தெரியாது. உலோக வால்வின் வெற்றி தோல்வியில் பாதி அறுவை அரங்கில் முடிவாகிறது என்றால், மீதிப் பாதி இந்த நோட்டில்.

மாத்திரையின் பலன் எவ்வளவு? பல ஆய்வுகளைச் சேர்த்து 1994-ல் வெளியான கணக்குப்படி, மருந்தில்லாத உலோக வால்வு நோயாளிகள் 100 பேரில் ஆண்டுக்கு 4 பேருக்குப் பக்கவாதம் போன்ற பெரிய அடைப்பு வந்தது. மருந்தோடு அது 1 ஆனது. அதே மருந்தால் ஆண்டுக்கு 100 பேரில் 1.4 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு. இந்த எண்களைப் படிக்கும்போது வயதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு ஆண்டுக்கு 1 என்பது சிறிய எண். 24 வயதுப் பெண்ணுக்கு அது நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கூடிக்கொண்டே போகும் எண்.

ஐஎன்ஆரைத் தடம் மாற்றுபவை:

1. கீரை. “கீரையே தொடாதே” என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது, அது தேவையில்லை. முருங்கைக்கீரையிலும் மற்றக் கீரைகளிலும் வைட்டமின் கே நிறைய உண்டு, உண்மைதான். வாரம் இரண்டு நாள் சாப்பிடுபவர் வாரா வாரம் அதே இரண்டு நாள் சாப்பிட்டால் மாத்திரை அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் அறவே விட்டுவிட்டு அடுத்த மாதம் தினமும் சாப்பிடுவதுதான் கெடுதல்.
2. விரதமும் வயிற்றுப்போக்கும். சாப்பாடு குறைந்தால் வைட்டமின் கே குறைந்து ஐஎன்ஆர் ஏறும்.
3. மற்ற மருந்துகள். வயிற்றுப்போக்குக்குக் கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலும் அப்படித்தான். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக அதைத் தடாலென்று இறக்கும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும்.
4. மறந்த வேளை. மறுநாள் இரட்டிப்பாகப் போட்டுச் சரிக்கட்டக் கூடாது.

## வால்வு அடைத்துக்கொண்டால்

அந்த ‘டிக்’ சத்தம் மங்கிப்போவது அல்லது நின்றுபோவது, கூடவே திடீர் மூச்சுத்திணறல் – வால்வில் ரத்தக்கட்டி சேர்ந்து தட்டு அசையாமல் சிக்கியதன் அடையாளம் இது. நோட்டில் காலியாக இருந்த மாதங்களுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. இரண்டு தட்டுகள் உள்ள வால்வாக இருந்தால், எக்ஸ்ரே திரையில் நேரடியாகப் பார்க்கும்போது ஒன்று திறந்து மூட, மற்றது அசையாமல் நிற்பது தெரியும்.

வழி இரண்டு: மறுபடி நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றுவது, அல்லது கட்டியைக் கரைக்கும் மருந்து. பணக்கார நாடுகள் அறுவையின் பக்கம் சாயும். இந்தியாவில் செலவும் அவசரமும் சேர்ந்து மருந்தின் பக்கம் தள்ளுகின்றன. டெல்லி எய்ம்ஸில் 120 நோயாளிகளிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கரைப்பு மருந்தைக் கொடுத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வில், சுமார் பத்தில் ஆறு பேருக்கு வால்வு முழுதாகச் சரியானது. மற்றவர்களில் சாவும் பக்கவாதமும் ரத்தக்கசிவும் இருந்தன. கரையும் கட்டியிலிருந்து ஒரு துண்டு பிரிந்து மூளைக்குப் போகலாம் என்பது இந்தச் சிகிச்சையோடு கூடவே வரும் ஆபத்து.

அடுத்தது தொற்று. செயற்கை வால்வில் கிருமி குடியேறினால் அதை விரட்டுவது கடினம். வாரக்கணக்கில் ரத்தக்குழாய் வழி மருந்து, சிலருக்கு மறு அறுவை, உயிரிழப்பும் அதிகம். கிருமி நுழையும் வழக்கமான வாசல்களில் ஒன்று வாய். அதனால் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும். ஒவ்வாமை இல்லாத பெரியவர்களுக்கு அது அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே தடவை. பல் பிடுங்குவதற்காக உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் போய் நிற்பவர்கள் உண்டு. சாதாரணமாக ஒரு பல் எடுக்க அதை நிறுத்தவே தேவையில்லை.

## புது மாத்திரை ஏன் கூடாது

டாபிகட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகியவை ஐஎன்ஆர் பார்க்க வேண்டாத மாத்திரைகள். வேறு பல நோய்களுக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. உலோக வால்வில் சோதித்தபோது நடந்தது இது:

1. டாபிகட்ரான்: 252 பேரிடம் நடந்த ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. புது மருந்துக் குழுவில் 5 சதவீதம் பேருக்குப் பக்கவாதம்; வார்ஃபரின் குழுவில் ஒருவருக்கும் இல்லை. ரத்தக்கசிவும் புது மருந்தில்தான் அதிகம்.
2. அபிக்சபான்: உறைவு வாய்ப்பு குறைவாக இருக்கும்படி வடிவமைத்த ஓர் அயோர்டிக் வால்வை வைத்துக்கொண்ட 863 பேரிடம் சோதித்தார்கள். அதுவும் 2022-ல் பாதியில் நின்றது. காரணம் அதே ரத்த அடைப்புகள்.

ரிவரோக்சபானுக்கு வேறொரு களம். செயற்கை வால்வு இல்லாத, ருமாட்டிக் நோயால் துடிப்பு தாறுமாறான 4,500-க்கும் அதிகமானோரிடம், இந்தியா உட்பட 24 நாடுகளில் நடந்து 2022-ல் வெளியானது அந்த ஆய்வு. பழைய மருந்தே ஜெயித்தது, அதுவும் உயிரிழப்புக் கணக்கிலேயே.

உலோக வால்வில் புது மாத்திரைகள் தோற்றதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்: உலோகத்தைத் தொட்ட ரத்தம் உறைவுச் சங்கிலியை அதன் தொடக்கத்திலிருந்தே முடுக்கிவிடுகிறது. புது மாத்திரை அந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைப் பிடிக்கிறது, வார்ஃபரின் நான்கு இடத்தில் தளர்த்திவிடுகிறது.

## கர்ப்பம்

இதற்கு நல்ல விடையே கிடையாது, இருக்கிற விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் உண்டு. தாயின் வால்வைக் காக்க வார்ஃபரின்தான் சிறந்தது. ஆனால் அது தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகும். குறிப்பாக 6-வது முதல் 12-வது வாரம் வரை கருவின் எலும்பு, மூக்கு வளர்ச்சியைக் கெடுக்கலாம். ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு ஊசி மருந்து குழந்தைக்குப் போகாது, ஆனால் தாயின் வால்வில் கட்டி சேரும் வாய்ப்பு கூடும். நாளைக்கு 5 மி.கி. வரை வார்ஃபரின் போதுமானவர்களுக்குக் கருவுக்கு ஆபத்து குறைவு என்பதால், சிலருக்கு அதையே தொடர்ந்து 36-வது வார அளவில் ஹெப்பாரினுக்கு மாற்றுகிறார்கள். ‘நாள் தள்ளிப்போய்’ ஒன்றரை மாதம் கழித்து வந்து சொன்னால் முக்கியமான வாரங்கள் தொடங்கியிருக்கும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் வால்வு விஷயத்தையே மறைத்து, மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வைப்பது இன்னொரு கொடுமை. மறைத்துச் சாப்பிடும் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடப்படுவதில்லை.

## தொடை வழி வால்வு யாருக்கு

2002 ஏப்ரலில் பிரான்சின் ருவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலாக ஒரு நோயாளிக்குத் தொடை வழியாக அயோர்டிக் வால்வு வைத்தார். அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 50.7 சதவீதம் பேர் ஓராண்டில் இறந்தனர். இந்த வால்வு பெற்றவர்களில் 30.7 சதவீதம். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். இதிலும் சிக்கல்கள் உண்டு: வால்வின் ஓரத்தில் கசிவு, பக்கவாதம், தொடைக் குழாயில் காயம், இதயத்தின் மின்பாதை நசுங்கிப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவருவது.

இளம்பெண்ணுக்கு இது ஏன் பொருந்தாது? அந்த வால்வு, கல்லாகிப்போன சுண்ணாம்பு வளையத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும்படி செய்யப்பட்டது. ருமாட்டிக் மைட்ரல் வால்வில் பெரும்பாலும் அப்படி ஒரு பிடிப்பு கிடையாது, அமைப்பும் வேறு. அப்படியே நின்றாலும் அது திசு வால்வுதான். 24 வயதில் சீக்கிரம் தேயும். ஏற்கெனவே வைத்த திசு வால்வு பழுதான பிறகு அதற்குள் இன்னொன்றைத் தொடை வழியாகச் செருகுவது மட்டும் சிலருக்குச் சாத்தியம்.

## அறுவைக்குப் பிறகும் பென்சிலினா?

ருமாட்டிக் நோயாளிகளுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை 12 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி போடுவது வழக்கம். அடுத்த தொண்டைத் தொற்று வந்து வால்வை இன்னும் கெடுக்காமலிருக்கத்தான். உகாண்டாவில் இதய பாதிப்பு தொடக்க நிலையிலிருந்த 818 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கும் இரண்டு ஆண்டில் நோய் முற்றியது.

வால்வை மாற்றியதும் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த 24 வயதுப் பெண்ணுக்கு மாற்றியது மைட்ரலை மட்டும்தான். அயோர்டிக் இன்னும் அவளுடையதே, காய்ச்சல் மறுபடி வந்தால் அடுத்து அதைத்தான் கடிக்கும். சரி, ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குத் தசையில் ஊசி போடலாமா? போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ள வாய்ப்பு இருப்பதால் சிலருக்கு ஊசிக்குப் பதில் பென்சிலின் மாத்திரையாக, காலையும் இரவும், மாற்றித் தருகிறார்கள். குறைந்தது நாற்பது வயது வரை, சிலருக்கு அதற்கு மேலும்.